சபரில் அண்டை வீட்டார்: சிங்கப்பூர் வாழ்வின் பழக்கங்களும் அதபுகளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை முன்னிட்டு, மதரஸா மண்டபத்தில் இஷாத் தொழுகைக்குப் பின் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சிங்கப்பூரில் முப்பத்தோர் ஆண்டுகள் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்களே, அங்கே போகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வேலை தேடுவது பற்றியும் சம்பளம் பற்றியும் சொல்ல ஆட்கள் பலர் இருக்கிறார்கள். பல இனத்தார் ஒரே கூரையின்கீழ் வாழும் அந்த நாட்டில் மனிதரோடு மனிதர் பழகும் முறைகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். நாங்கள் என்று கூறும்போது எங்கள் இல்லத்தாரையும் சேர்த்தே கூறுகிறோம். அங்கே கற்றுக்கொண்டதில் பாதிக்குமேல் வீட்டுப் பெண்மக்கள் வழியாக வந்தது.

நம் ஊருக்கும் மலாய் நாட்டிற்கும் உள்ள தொடர்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ரஜூலா கப்பலிலும், பின்னர் சிதம்பரம் கப்பலிலும் ஏறிச் சென்ற பாட்டன்மாரின் கதைகளைக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். அவர்களுக்கும் முன்பே சென்ற சூலியா முஸ்லிம்கள், அன்சார் சாஹிப் என்பார் தலைமையில், 1826-ஆம் ஆண்டிலேயே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினார்கள். மறு ஆண்டில், சில எட்டுத் தொலைவில், நாராயண பிள்ளை அவர்கள் மாரியம்மன் கோயிலை நிறுவினார். பள்ளிவாசலின் பக்கத்துத் தெருவுக்கு மாஸ்க் தெரு என்று பெயர். கோயிலின் பக்கத்துத் தெருவுக்கு டெம்பிள் தெரு என்று பெயர். இவ்விரண்டும் இருப்பதோ சீனர் பேட்டையின் நடுவில்! தெலுக் ஆயர் சாலைக்குச் சென்றால், நாகூர் தர்காவும், குச்சுப் பள்ளி என்று நம்மவர் அழைத்த அல்-அப்ரார் பள்ளியும், ஹொக்கியன் சீனரின் தியான் ஹாக் கெங் கோயிலும் ஒரே தெருவில் இருக்கக் காணலாம்.

இதனால் எல்லாம் எப்போதும் இனிதாகவே நடந்தது என்று எண்ணிவிட வேண்டா. 1964-ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று, மீலாது ஊர்வலத்தின்போது மூண்ட கலவரமும், செப்டம்பரில் மீண்டும் எழுந்த கலவரமும் முப்பத்தாறு உயிர்களைக் கொண்டு போயின. அந்த ஜூலை 21-ஆம் நாளையே பள்ளிக்கூடங்களில் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். 1989 முதல் அரசாங்க அடுக்குமாடிகளில் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு வரை குடியிருக்கலாம் என்று வரம்பு வகுத்தார்கள். ஆதலால், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அங்கே நம் அண்டை வீட்டார் வேறு இனத்தவராகவே பெரும்பாலும் இருப்பர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளுள் சீனர் நூற்றுக்கு 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0 விழுக்காட்டினர்.

இனி, பழக்கங்களுக்கு வருவோம். முதலில் ஒரு கடிகாரத்தின் கதை.

நம் பக்கத்துப் பிள்ளை ஒருவர் ஒரு சீன முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி புது வீட்டிற்குக் குடிபோனார். நம் ஊர் வழக்கப்படி, இவர் நல்லதொரு சுவர்க் கடிகாரத்தை வண்ணத்தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிரித்துப் பார்த்ததும் வீட்டிலிருந்த மூதாட்டியின் முகம் மாறிவிட்டது. முதலாளியோ சிரித்துக்கொண்டே தம் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்து இவர் கையில் வைத்தார். எதற்கு என்று இவருக்கு விளங்கவில்லை. பேருந்துக் கட்டணம் போலும் என்று எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சீன மொழியில் கடிகாரம் கொடுத்தல் என்பதும், இறப்பவருக்கு இறுதிக் கடன் ஆற்றுதல் என்பதும் ஒரே ஓசை உடையன. நாணயம் கொடுத்துவிட்டால் அது அன்பளிப்பன்று, விலைக்கு வாங்கிய பொருள் என்றாகிவிடும். பிள்ளையின் மனமும் நோகாமல், தாயாரின் மனமும் நோகாமல் முதலாளி அந்த ஒரு நாணயத்தில் காரியத்தை முடித்தார். கடிகாரம் கொடுக்கலாகாது என்பதைக் காட்டிலும், அந்த நாணயத்தைக் கொடுக்கத் தெரிந்த பண்பையே நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

மொய் விஷயமும் இத்தகையதே. இங்கே நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று ஒற்றைப்படையில் வைத்தால்தான் நமக்கு நிறைவு. சீனர் திருமணத்தில் இரட்டைப்படையில், சிவப்பு உறையில் வைக்க வேண்டும். அதிலும் நான்கு என்ற எண் கூடாது, அதன் ஓசை மரணத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்தது. ஒற்றைப்படைத் தொகை அவர்களிடம் துக்க வீட்டிற்கு உரியது; அதை வெள்ளை உறையில் இடுவர். ஹொக்கியன் மொழியில் இதனைப் பெக் கிம் என்பர். ஆகவே, நல்லெண்ணத்தோடு ஐம்பத்தொரு வெள்ளியைத் திருமண உறையில் வைத்துக் கொடுப்பவர், தம்மையறியாமல் துக்கம் விசாரித்துவிட்டு வருகிறார்!

மலாய்க்காரர் நம் மார்க்கத்தவர். அவர்களிடம் பழக என்ன கற்க வேண்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். பலரும் சறுக்குவது அங்கேதான். ஆட்காட்டி விரலை நீட்டி ஒருவரையோ ஒரு பொருளையோ காட்டுவது அவர்களிடம் பெரும் மரியாதைக் குறைவு. வலக்கையின் கட்டைவிரலால் காட்டுவர். பெரியவர்கள் அமர்ந்திருக்கையில் குறுக்கே செல்ல நேர்ந்தால், வலக்கையைத் தாழ்த்திச் சற்றுக் குனிந்து செல்வர். ஸலாம் சொல்லிக் கை கொடுத்தபின் அந்தக் கையை நெஞ்சில் வைப்பர். குரலை உயர்த்திப் பேசினால் சண்டைக்கு வந்துவிட்டோம் என்று அஞ்சுவர். நம் ஊரில் சாதாரணமாகப் பேசுவதே அங்கே உயர்ந்த குரல் என்பதை எங்கள் இல்லத்தார், எதிர்வீட்டு மக்சிக் ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பின்னரே அறிந்தார்கள். மக்சிக் என்பது மூத்த பெண்மணியை அழைக்கும் சொல். மூத்த ஆடவரைப் பாச்சிக் என்க. பெயர் சொல்லி அழைத்துவிடாதீர்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹலால் பேணுவதை அங்கே எவரும் குறையாக எண்ணுவதில்லை. சீனர்கள் விருந்து வைக்கும்போது நமக்கென்று ஹலால் உணவைத் தனியே வரவழைத்துத் தனி மேசையில் வைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மறுப்பதை முகம் சுளிக்காமல் மறுத்தால் போதும். ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை வாங்கிச் செல்ல முஸ்லிமல்லாதாரும் வரிசையில் நிற்பார்கள். நம் கஞ்சிக்கு அங்கே அவ்வளவு பெயர். சீனப் புத்தாண்டில் சிவப்பு உறையில் பிள்ளைகளுக்குப் பணம் கொடுப்பதைப் பார்த்து, பெருநாளில் பச்சை உறையில் கொடுக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது.

இதுவரை கூறியவற்றை எவரிடமும் கேட்டு அறிந்துகொள்ளலாம். இனிக் கூறப்போவது எங்கள் சொந்தக் குறை. இதனைச் சபையில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். சொல்லாவிட்டால் இந்த உரைக்குப் பயனில்லை என்று இல்லத்தார் கூறியதால் சொல்கிறோம்.

நாங்கள் ஏழாம் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு சீன மூதாட்டியும் அவர் மகன் குடும்பமும் இருந்தனர். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு ஹொக்கியன் தெரியாது; இரு தரப்புக்கும் தெரிந்தது கடைத்தெரு மலாய். ஆண்டுதோறும் அவர்களுடைய புத்தாண்டன்று இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் ஏந்தி வந்து கொடுப்பார். நாங்களும் இரண்டு பழங்களைத் திருப்பிக் கொடுப்போம், அதுவே முறை. சமைத்த பண்டம் ஒன்றும் அவர் கொண்டுவந்ததில்லை. நாங்கள் உண்ணமாட்டோம் என்பதை நாங்கள் சொல்லாமலே அறிந்து, தோல் உரிக்காத பழத்தை மட்டுமே கொண்டுவருவார். பெருநாளன்று நாங்கள் கொடுக்கும் பண்டங்களை வாங்கிக்கொள்வார். மாட்டிறைச்சி மட்டும் அவர் உண்பதில்லை. அதை நாங்கள் அறிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்றாண்டும் நாங்கள் கொடுத்த மாட்டிறைச்சிக் கறியை அவர் புன்னகையோடு வாங்கி வைத்துக்கொண்டார் என்பதை எண்ணினால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

1996-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காலமானார். அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளம் சுவரின்றித் திறந்த வெளியாக இருக்கும். மலாய்க்காரர் திருமணமும் அங்கேதான், சீனர் துக்கமும் அங்கேதான். சீனர் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை நாள்கள் சடலத்தை வைத்திருந்து, அதன்பின் அடக்கமோ தகனமோ செய்வர். அந்த அம்மையாருக்கு ஐந்து நாள். ஊதுபத்திப் புகை, மேளம், துறவிகள் ஓதும் ஒலி, வட்ட மேசைகள். அந்த ஐந்து நாளும் நாங்கள் என்ன செய்தோம்? முன்வாசல் வழியாகச் செல்லாமல், கட்டடத்தின் பின்புறப் படிக்கட்டு வழியாக இறங்கி வேலைக்குச் சென்றோம். போகலாமா கூடாதா என்று ஐயம். போனால் ஊதுபத்தியைக் கையில் கொடுப்பார்களோ, வணங்கச் சொல்வார்களோ, தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாமோ என்றெல்லாம் அச்சம். யாரிடமாவது கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. மார்க்கத்தைப் பேணுகிறோம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

1997 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டும் நம் நோன்புப் பெருநாளும் இரண்டொரு நாள் இடைவெளியில் வந்தன. முப்பத்துச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு சேர்ந்து வரும். ஊரே இரட்டைத் திருவிழாவாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஆரஞ்சு வரவில்லை. கோபம்தான் என்று முடிவு செய்தோம். அந்தக் கூச்சத்தில் எங்கள் பெருநாள் பண்டமும் அந்த வீட்டிற்குப் போகவில்லை. கடையில் எங்களோடு வேலை செய்த சீனர் ஒருவரிடம் சில மாதங்கள் கழித்து இதைச் சொன்னபோது, அவர் எங்களைப் பார்த்து நகைத்தார். துக்கம் நேர்ந்த வீட்டார் அந்த ஆண்டுப் புத்தாண்டுக்குப் பிறர் வீட்டிற்குச் செல்லமாட்டார்கள்; தங்கள் துக்கம் பிறரைத் தொட்டுவிடலாகாது என்ற கருத்தில் ஒதுங்கியிருப்பார்கள் என்று விளக்கினார். அவர்கள் எங்கள் நன்மையை நாடி ஒதுங்கியிருக்க, நாங்கள் அதைக் கோபம் என்று கொண்டோம்.

1999-இல் எங்களைப் பார்க்க வந்திருந்த எங்கள் தாயார் அங்கேயே மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி. செய்தி அறிந்து எங்கள் வாசலில் முதலில் வந்து நின்றவர் அந்த மூதாட்டியின் மகன். வெள்ளைச் சட்டை அணிந்து, காலணியை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு நின்றார். எங்கே அமர வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று எதிர்வீட்டு மலாய்க்காரரிடம் முன்னரே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். எங்கள் மாடியில் மின்தூக்கி நிற்காது. நின்றாலும் அதில் சந்தூக் நுழையாது. ஏழு மாடிப் படிகளையும் இறங்க வேண்டும். தூக்கலாமா என்று ஆலிம் அவர்களைக் கேட்டு, அவர் தலையசைத்தபின், படிகள் நெடுகிலும் ஒரு மூலையைத் தாங்கிக் கீழே கொண்டுவந்தார். சுவா சூ காங் மையவாடிக்குச் செல்லும் வண்டி புறப்படும்வரை வெயிலில் நின்றார்.

சில நாள் கழித்து அவரைக் கண்டு, உங்கள் தாயார் இறந்தபோது நாங்கள் வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்று கூறினோம். அதற்கு அவர் கூறியதாவது: எங்கள் தாயார் படுக்கையில் இருந்தபோதே, பக்கத்து வீட்டார் வந்தால் ஊதுபத்தி அருகில் அமர மாட்டார்கள், அவர்களுக்கு வேறிடம் வையுங்கள் என்று சொல்லியிருந்தார். அதனால் தபால் பெட்டிகள் இருக்கும் ஓரத்தில் உங்களுக்காக நாற்காலிகளைப் போட்டு, மூடி பிரிக்காத பானங்களைத் தனித் தட்டில் வைத்திருந்தோம். மலாய்க்கார அண்டை வீட்டார் வந்து அங்கே அமர்ந்துவிட்டுப் போனார்கள்.

பின்புறப் படிக்கட்டில் இறங்கியதால் அந்த நாற்காலிகள் எங்கள் கண்ணில் படவில்லை.

அதன் பிறகுதான் அங்குள்ள இமாம் ஒருவரிடம் முறையாகக் கேட்டோம். அவர் ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு செய்தியை எடுத்துரைத்தார். ஸஹ்ல் பின் ஹுனைஃப் (ரலி), கைஸ் பின் ஸஅத் (ரலி) ஆகிய இரு ஸஹாபாக்கள் இராக்கில் காதிஸிய்யாவில் அமர்ந்திருந்தபோது ஒரு பிரேதம் கடந்து சென்றது. இருவரும் எழுந்து நின்றார்கள். இது இவ்வூர் முஸ்லிமல்லாதவருடையது ஆயிற்றே என்று சொல்லப்பட்டபோது, ஒரு யூதரின் பிரேதத்திற்காக நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் அவர்கள் வினவியதையும் எடுத்துக் கூறினார்கள். அவ்விருவரும் மதீனாவை விட்டு வெளியூர் வந்திருந்தவர்கள், நம் பிள்ளைகளைப் போல! சடங்குகளில் பங்கேற்பது வேறு, துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் கூறுவது வேறு. முன்னதிலிருந்து விலகி நின்று பின்னதைச் செய்துவரலாம் என்பது அந்த இமாம் எங்களுக்குத் தந்த விளக்கம். உங்களுக்கு ஐயம் எழுந்தால் அங்குள்ள ஆலிம்களிடம் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். எங்களைப் போல் கேட்காமலிருந்துவிட்டு, நம் வெட்கத்துக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். மார்க்கம் தடுத்தவை சில. அவற்றில் உறுதியாக நில்லுங்கள். மற்றவற்றை நம்முடைய கூச்சமும் சோம்பலும் தடுக்கின்றன.

அத்தகைய வீட்டிற்குச் சென்றால் என்ன செய்வது? குடும்பத்தாரைக் கண்டு இரண்டு வார்த்தை கூறி, வெள்ளை உறையைக் கொடுத்து, சற்றே அமர்ந்துவிட்டு எழலாம். சிவப்பு ஆடை கூடாது. மேசையில் சிவப்பு நூலும் மிட்டாயும் இருக்கும். அது வந்தவருக்குத் தீங்கு நேராதிருக்க என்று அவர்கள் கொள்ளும் நம்பிக்கை. நமக்கு அந்த நம்பிக்கை இல்லை. எடுக்காமல் வரலாம், எவரும் வற்புறுத்தமாட்டார்கள். புறப்படும்போது போய் வருகிறேன் என்று சொல்லலாகாது. இது மட்டும் நமக்குப் புதிதன்று. மௌத்தான வீட்டில் நம் ஊரிலும் சொல்லிக்கொள்ளாமல்தானே எழுந்து வருகிறோம்?

வாய்ச் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். 2017-ஆம் ஆண்டில், நம் நாட்டிலிருந்து சென்று அங்கே பணியாற்றிய இமாம் ஒருவர், ஜும்ஆவில் பிற சமயத்தார் இருவரைக் குறித்து ஓதிய ஒரு துஆவுக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அது தம் ஊரில் வழிவழியாக ஓதிவந்த பழைய ஏட்டிலிருந்து எடுத்தது என்றார் அவர். 4,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டு, நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆனால் அதற்கு முன்பே அவர் கிறிஸ்தவ, சீக்கிய, பௌத்த, இந்துப் பெரியவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். யூதரின் ஆலயத்திற்கே சென்று அவர்களுடைய குருவிடமும் மன்னிப்புக் கேட்டார். ஊரில் பொருள் உணராது ஓதிய சொல்லை, அந்த நாட்டில் பொருள் உணர்ந்து கேட்க அண்டை வீட்டார் இருக்கிறார்கள். கைப்பேசியில் இங்கிருந்து வரும் எதையும் படித்துப் பாராமல் அங்கிருந்து பிறருக்கு அனுப்பும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சீனரின் குடும்பம் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறது. நாங்கள் 2019-இல் ஊர் திரும்பும்போது அவர் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்தனுப்பினார். அது புத்தாண்டுக் காலமன்று. எங்கே தேடி வாங்கினாரோ தெரியாது.

வரும் மாதம் புறப்படவிருக்கும் பிள்ளைகள் ஐவரும், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் எங்கள் இல்லத்திற்கு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அன்றாடம் புழங்கும் மலாய்ச் சொற்கள் நாற்பதை எழுதி வைத்திருக்கிறோம். சீனப் பெருமக்களை அழைக்கும் முறைகளை எங்கள் மகள் சொல்லித் தருவாள். எங்களைவிட அவளுக்கு அது நன்றாக வரும். தாய்மார்களும் உடன் வரலாம்.

வஸ்ஸலாம்.